கிரீட் தீவில் எட்டு இரவு: அம்மா, கீரை, ரக்கி, ஒரு கல்வெட்டு

ஓடக்காரன்:

அக்டோபர் கடைசியில் அம்மாவோடு கிரீட் தீவுக்குப் போய் வந்தேன். போவதற்கு முன் இங்கே கேட்டபோது பாதிப் பேர் ‘கிரீஸ் என்றால் சான்டோரினிதான், வெள்ளைச் சுவர், நீலக் கூரை, படம் பிரமாதமாக வரும்’ என்றீர்கள். அம்மாவுக்குப் படம் எடுத்துக்கொள்வதில் ஆர்வம் கிடையாது, படிக்கட்டும் ஆகாது. அதனால் கிரீட். வந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன், எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் இரவு கப்பல் ஏறினால் விடிகாலையில் ஹெராக்ளியோன். அம்மாவுக்கு 67 வயது, சுத்த சைவம், முழங்கால் வலி வேறு. கட்டிலில் படுத்தவர் கப்பல் நின்ற பிறகுதான் எழுந்தார். இறங்கினால் எதிரே வெனிஸ்காரர்கள் கட்டிய கூலெஸ் கோட்டை, சுவரில் சிறகு வைத்த சிங்கம். ஊருக்குள் நடந்தால் 1628இல் கட்டிய நீரூற்று, அங்கேயும் நாலு சிங்கம். அந்தச் சதுக்கத்தில் காலையில் புகாட்ஸா தருகிறார்கள். அப்பளம் மாதிரி நொறுங்கும் மெல்லிய மாவு அடுக்கு, உள்ளே கஸ்டர்டு அல்லது மிசித்ரா என்கிற ஆட்டுப்பால் கட்டி, மேலே பட்டைப் பொடியும் சர்க்கரையும். கஸ்டர்டில் முட்டை உண்டு என்பதால் அம்மாவுக்கு மிசித்ரா. ‘பால்கோவாவுக்கு உப்புப் போட மறந்த மாதிரியும் இருக்கு, போட்ட மாதிரியும் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே முழுசாகச் சாப்பிட்டார்.

வெண்கலக் காலத்து க்னோசோஸ் அரண்மனை ஊரிலிருந்து ஐந்தே கிலோமீட்டர், நகரப் பேருந்திலேயே போய்விடலாம். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள், பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் தலைகள்தான் தெரியும். அதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, நான் தாண்டிப் போகிறேன். எனக்கு எழுத ஆசை கோர்டின் என்கிற பழைய நகரத்தைப் பற்றி.

ஹெராக்ளியோனிலிருந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். ரோமானியர் காலத்தில் கிரீட்டுக்கும் எதிர்க்கரையில் இன்றைய லிபியாவில் இருக்கும் சிரெனைக்காவுக்கும் சேர்த்து அதுதான் தலைநகர். இப்போது ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே தூணும் சுவருமாகச் சிதறிக் கிடக்கிறது. அங்கே ஓடியான் என்கிற சின்ன அரங்கத்தின் பின்னால், கம்பிக் கதவுக்கு உள்ளே, கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றைச் சுவர் முழுக்க வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 600 வரி. ஒரு வரி வலமிருந்து இடம் போனால் அடுத்தது இடமிருந்து வலம் வரும், எழுத்துகளும் அதற்கேற்ப முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் விரலால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பாதியிலேயே, ‘ஏர் ஓட்டிக்கிட்டே போய்த் திரும்புற மாதிரிதானே?’ என்றார். கிரேக்கத்தில் அந்த எழுத்துமுறைக்குப் பெயரே அதுதான், மாடு திரும்புகிற மாதிரி. தாத்தா உழும்போது வரப்பில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கணவன் மனைவி பிரிந்தால் அவள் கொண்டுவந்த சொத்து அவளுக்கே. அந்தச் சொத்தில் விளைந்ததில் பாதி. வீட்டுக்குள் அவள் நெய்த துணியில் பாதி. பிரிவுக்குக் கணவன்தான் காரணம் என்றால் கூடவே ஐந்து ஸ்டேட்டர், அதாவது அந்தக் கால வெள்ளி நாணயம். நெய்த துணியில் பாதி என்ற இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார். ‘அவ நெய்ததுல மீதிப் பாதி அவனுக்கு எதுக்கு?’ என்னிடம் பதில் இல்லை.

திரும்பும் வழியில் மலைப்பக்கமாகத் திரும்பி வழி தவறிவிட்டோம். ஒரு கிராமத்தில் கொட்டகை ஒன்றில் புகை, சிரிப்புச் சத்தம். வழி கேட்கத்தான் இறங்கினேன். உள்ளே பெரிய செப்பு அண்டா, அதன் மூடி ஓரத்தில் ஆவி போகாமல் பிசைந்த மாவை அப்பியிருந்தார்கள், குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ரக்கி. திராட்சையை ஒயினுக்குப் பிழிந்த பிறகு மிஞ்சும் தோலையும் காம்பையும் ஏறக்குறைய நாற்பது நாள் புளிக்க வைத்துக் காய்ச்சுவது. அக்டோபர், நவம்பரில் ஊர் ஊராக இது நடக்கும். சுற்றத்தார் எல்லாம் கூடிவிடுவார்கள். வழி சொல்லிவிட்டு எங்களை அனுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை. பலகையில் உட்கார வைத்து, தணலில் சுட்ட உருளைக்கிழங்கை உப்போடு தட்டில் வைத்தார்கள். ஆலிவ், உரித்த மாதுளை, பார்லி ரஸ்க். அம்மா குடிக்க மாட்டார் என்று கையைக் காட்டியதும் ஒரு பாட்டி எழுந்துபோய் மலைமூலிகைத் தேநீர் போட்டு வந்தார், தேன் விட்டு.

அம்மாவுக்குச் சும்மா வாங்கிச் சாப்பிடுவது பொறுக்காது. காரிலிருந்து தட்டை டப்பாவை எடுத்துவரச் சொன்னார். அடுத்த பத்து நிமிடத்தில் டப்பா காலி. ரக்கிக்கு அதைவிடப் பொருத்தமான பக்கவாத்தியம் இல்லை என்பது அந்தக் கொட்டகையின் ஒருமித்த தீர்ப்பு. நான் கார் ஓட்ட வேண்டும் என்பதால் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு நிறையத் திட்டு வாங்கினேன். இரண்டரை மணி நேரம் கழித்துக் கிளம்பும்போது, பணம் என்று பையில் கையை விட்டேன். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துப் பைக்குள்ளேயே திருப்பி அழுத்தினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

---

வெண்பொங்கல்:

முதலில் ‘ராகி’ என்று படித்துவிட்டு, கிரீஸில் கூழ் காய்ச்சுகிறார்களா என்று இரண்டு பத்தி ஆச்சரியப்பட்டேன். நாற்பது நாள் புளிக்க வைக்கிற இடத்தில்தான் சந்தேகம் வந்தது.

சரி, கேள்வி. என் மாமியாரும் சைவம். எட்டு நாளும் அம்மா என்ன சாப்பிட்டார்கள்? ரொட்டியும் தக்காளியும் என்று சொல்லிவிடாதீர்கள், நாங்கள் ஒருமுறை வேறொரு நாட்டில் அப்படித்தான் ஒரு வாரம் ஓட்டினோம், இன்றைக்கும் வீட்டில் பேச்சு வருகிறது.

---

ஓடக்காரன்:

வெண்பொங்கல், கிரீட் உங்கள் மாமியாருக்கென்றே செய்த ஊர். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருஷத்தில் விரத நாட்கள் ஏராளம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாத சமையல் அவர்களுக்குப் பழக்கம். அந்தச் சாப்பாட்டுக்கு ‘நிஸ்டிசிமோ’ என்று பெயர். ஆனால் ஜாக்கிரதை: ரத்தம் இல்லாத உயிர் என்று கணக்கு வைத்து, கணவாய், ஆக்டோபஸ், நத்தை எல்லாம் விரதத்தில் அனுமதி! முதல் நாளே ‘நிஸ்டிசிமோ’ என்று பெருமையாகச் சொன்னேன், நத்தை நல்லா இருக்கும் என்றார் பரிமாறுகிறவர். அம்மாவிடம் நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அதற்குப் பிறகு ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி’ என்று இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். நத்தை வேண்டாம் என்பதற்குக் கையால் காட்டினேன்.

அம்மா தினமும் கேட்டது ‘ஹோர்தா’. காட்டுக்கீரைகளை வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் பிழிந்து தருவது, அவ்வளவுதான். மழை பெய்தபின் சாலையோரம் பெண்கள் சின்னக் கத்தியும் பையுமாகக் குனிந்து கீரை பறிப்பதை நாமே பார்க்கலாம். அப்புறம் தாகோஸ்: கல்லு மாதிரி இருக்கும் பார்லி ரஸ்க்கைத் தண்ணீரில் லேசாக நனைத்து, துருவின தக்காளி, மிசித்ரா, ஓரிகானோ, மேலே எண்ணெய். நனைக்காமல் கடித்தால் பல் போய்விடும். மேற்கே ஹனியா நகரத்துப் பக்கம் புரேகி என்று சுரைக்காய் மாதிரியான சுக்கினியும் உருளையும் புதினாவும் மிசித்ராவும் அடுக்கிச் சுடுவார்கள். சாதம் அடைத்த தக்காளி, குடைமிளகாயும் உண்டு, சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். மேஜையில் கேட்காமலே வைக்கிற ரொட்டிக்கு ஒரு தொகை பில்லில் வரும், அது ஏமாற்று இல்லை, வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் பழமோ இனிப்போ, ஒரு சின்னக் குப்பியில் ரக்கியோ வரும், அதற்குக் காசு இல்லை. பில்லை நாமாகக் கேட்டால்தான் கொண்டுவருவார்கள். கேட்காமல் வைப்பது ‘எழுந்து போ’ என்று சொல்வது மாதிரியாம்.

---

பனிமூட்டம்:

நான் ஜெர்மனியில் இருக்கிறேன், கிரீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு மாற்றுக் கருத்து சொல்லலாமா?

‘காசு இல்லாத’ ரக்கியின் விலை மீனில் இருக்கிறது. ஆகஸ்டில் ஹெர்சோனிசோஸ் என்கிற சுற்றுலாக் கடற்கரை ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள்: உணவகத்து வாசலில் ஒருவர் வழிமறித்து, நாலு மொழியில் ‘நண்பா’ என்று கூப்பிடுவார். விருந்தோம்பல், ஃபிலோக்ஸெனியா என்ற சொல்லைத் தலையணை உறையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். நாங்கள் தங்கிய ஓரிடத்தில் வாசலில் அந்தச் சொல் பலகையே இருந்தது; குளிர்சாதனத்துக்குத் தனிக் காசு கேட்டார்கள். நீங்கள் அக்டோபரில் போனீர்கள், அம்மாவோடு போனீர்கள், வழி தவறிப் போனீர்கள். மூன்றும் அதிர்ஷ்டம். எல்லாருக்கும் அமையாது.

---

சுண்ணாம்புச்சுவர்:

க்னோசோஸைத் தாண்டிப் போய்விட்டீர்களே, எனக்கு அதுதான் விஷயம். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 22 வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் அங்கே பார்க்கும் சிவப்புத் தூண்களில் பெரும்பாலானவை கான்கிரீட். அந்த இடத்தில் முதலில் தோண்டியவர் உள்ளூர்க்காரரான மினோஸ் கலோகைரினோஸ், 1878இல். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900இல் தொடங்கினார், நிலத்தை வாங்கினார், பிறகு தான் கற்பனை செய்த மேல்மாடிகளை இரும்புக் கம்பியும் சிமெண்டும் போட்டு எழுப்பினார். மூலத்தில் இருந்தவை மரத்தூண்கள். மேலே பருத்து, கீழே சிறுத்து இருக்கும். எரிந்து போனவை. கடல் காற்று அடிக்கிற ஊரில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் என்ன ஆகும்? கம்பி ஊதும், கான்கிரீட் வெடிக்கும். இன்று அங்கே பாதி வேலை எவன்ஸ் கட்டியதைக் காப்பாற்றுவதுதான். பழையதைக் காப்பாற்றப் போட்டதே பாதுகாக்க வேண்டிய பழையதாகிவிட்டது.

ஓவியங்களும் அப்படித்தான். ‘அல்லி இளவரசன்’ என்று எல்லாச் சட்டையிலும் அச்சடிக்கும் அந்த உருவம் துண்டு துண்டாகக் கிடைத்தது. எல்லாத் துண்டும் ஒரே ஆளுடையதுதானா என்பதே தகராறு. ஒட்டிச் சேர்த்து மீதியை வரைந்தவர்கள் கில்லியரோன் என்ற ஓவியர் குடும்பம், அப்பாவும் மகனும். இன்னொரு பழைய அரண்மனையான ஃபைஸ்டோஸுக்குப் போங்கள். இத்தாலியர்கள் தோண்டி, கிடைத்ததை அப்படியே விட்டுவிட்ட இடம். கோர்டின் போகும் அதே சாலையில்தான்.

---

தேரடிவீதி:

சுண்ணாம்புச்சுவர் ஐயா, உங்கள் கண்ணுக்கு முழங்கால் உயரக் கல் போதும், மீதியை மனசுக்குள் கட்டிக்கொள்வீர்கள். என் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஃபைஸ்டோஸில் பதினைந்து நிமிடத்தில் ‘எப்ப அப்பா கடலுக்குப் போறோம்’ என்றார்கள். க்னோசோஸில் சிவப்புத் தூணைப் பார்த்ததும் இரண்டு பேரும் படியில் ஓடினார்கள். தப்போ சரியோ, ஒரு வீடு என்று அவர்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்று, அசல் ஓவியங்கள் எல்லாம் ஹெராக்ளியோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காளையின் முதுகில் குட்டிக்கரணம் போடுகிற ஓவியத்தில் எது பழைய துண்டு, எது பிறகு வரைந்தது என்று உற்றுப் பார்த்தால் பிரிந்து தெரியும். என் மகள் அரை மணி நேரம் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆக, எவன்ஸின் தப்பிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஃபைஸ்டோஸ் வட்டும் அங்கேதான். 1908இல் கிடைத்தது, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய களிமண் தட்டு, சுருள் சுருளாக முத்திரைகள். இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

---

சுண்ணாம்புச்சுவர்:

பிள்ளைகள் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோர்டின் சட்டத்தைப் பற்றி ஓடக்காரன் எழுதியதில் பாதிதான் இருக்கிறது. அதே சுவரில், அதே குற்றத்துக்கு, பாதிக்கப்பட்டவர் சுதந்திர மனிதர் என்றால் ஒரு தண்டம், அடிமை என்றால் அதில் மிகச் சிறு பங்கு. மகளுக்குப் பங்கு உண்டு, மகனுக்குக் கிடைப்பதில் பாதி. அந்தக் காலத்துக்குப் பெரிசுதான், மறுக்கவில்லை. அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

---

ஓடக்காரன்:

ஐயா, அடிமை பற்றிய பகுதியையும் அம்மாவிடம் சொன்னேன். ‘இதையும் கல்லுல வெட்டி வச்சிருக்கானா’ என்றுதான் கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் அங்கிருந்த பிளேன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். குளிர்காலத்திலும் இலை உதிராத மரம் அது. கிரேக்கக் கடவுள் ஜீயஸ், ஐரோப்பா என்ற இளவரசியைக் கொண்டுவந்து சேர்த்தது அதன் அடியில்தான் என்று கதை.

பனிமூட்டத்துக்கு: நீங்கள் சொல்வது பொய் இல்லை. கடற்கரையில் எங்களையும் ஒருவர் ‘இந்தியா! நமஸ்தே!’ என்று இழுத்தார். ஆனால் வியாபாரத்துக்கு அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் கொட்டகையில் நடந்ததும் வியாபாரம் ஆகிவிடாது. அங்கே என்னிடம் விற்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்டது நேரம் மட்டும்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் ஒரே ஒருமுறை முகம் சுளித்தார்கள். எட்டு இடத்தைப் பட்டியல் போட்டு ஓடுகிறவனுக்கு அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தும் பயன் இல்லை.

---

பனிமூட்டம்:

சரி, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே இதுவரை எழுதியதில்லை.

என் மனைவி ஜெர்மன்காரர். அவருடைய தாத்தாவின் தம்பி மலேமேயில் புதைக்கப்பட்டிருக்கிறார். 1941 மே 20 அன்று ஜெர்மானியப் பாராசூட் படை கிரீட்டில் இறங்கியது, மலேமே விமானத்தளத்தில்தான் சண்டை தீர்மானமானது. மேட்டில் ஜெர்மானியக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பேர். கடலைப் பார்த்த மாதிரி, ஆலிவ் மரங்களுக்கு நடுவே தரையோடு தரையாகக் கல். அந்தத் தோட்டத்தைப் பல வருஷம் பராமரித்தவர் யோர்கோஸ் ப்ஸிஹுண்டாகிஸ். போர்க்காலத்தில் ஜெர்மானியருக்கு எதிராக மலை மலையாகச் செய்தி சுமந்து ஓடிய கிரீட்காரர். இதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அடுத்த நாள் கண்டானோஸ் போனோம். ஜூன் 1941இல் ஜெர்மானியர்கள் அந்த ஊரை அழித்து, இங்கே ஓர் ஊர் இருந்தது என்று பலகை வேறு எழுதி வைத்தார்கள். பலகையின் நகல் சதுக்கத்தில் இருக்கிறது, ஜெர்மன் மொழியிலும் கிரேக்கத்திலும். மனைவி அதைப் படித்துவிட்டுக் காரிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். நான் போய்க் காப்பிக்கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டேன். கடைக்காரர் எங்கிருந்து என்று கேட்டார். இந்தியா என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் வெளியே வந்து, காரைப் பார்த்து, திரும்பி உள்ளே போய் இரண்டு கிளாஸ் தண்ணீரும் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழமும் வெட்டி எடுத்துவந்து கார் ஜன்னலில் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை.

அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஹெர்சோனிசோஸ் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவும் மாட்டேன்.

---

வெண்பொங்கல்:

இதுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு முறை அழித்துவிட்டேன். எழுதியதற்கு நன்றி.

---

கருப்பட்டிக்காப்பி:

நடுவில் நடைமுறைக் கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். கார் இல்லாமல் முடியுமா? ஆறு நாள்தான் லீவு.

---

தேரடிவீதி:

வடக்குக் கரை ஊர்களுக்குப் பேருந்தே போதும். ஹெராக்ளியோனிலிருந்து ரெதிம்னோ வழியாக ஹனியா, ஏறக்குறைய மூன்று மணி நேரம், நேரத்துக்கு வரும். தெற்குக் கரைக்கும் மலைக்கிராமங்களுக்கும் கார் இருந்தால்தான் சரி. தீவு சின்னது என்று நினைத்துவிடாதீர்கள், நீளம் மட்டும் 260 கிலோமீட்டர், நடுவில் மலை. ஆறு நாளில் கிழக்கு மேற்கு இரண்டும் வேண்டாம், ஒரு பக்கம் பாருங்கள்.

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவர் விளக்கடித்தால் பதறாதீர்கள், ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழிவிடுவதுதான் அங்கே பழக்கம். தென்மேற்கு மலைப்பகுதியான ஸ்ஃபாகியா பக்கம் ஊர்ப்பெயர்ப் பலகைகளில் துப்பாக்கி ஓட்டை இருக்கும், அது உங்களைக் குறிவைத்து இல்லை. சமாரியா பள்ளத்தாக்கு நடக்க ஆசை என்றால் மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், சுமார் 16 கிலோமீட்டர், முழுக்க இறக்கம், மறுநாள் தொடை பேசும்.

---

சுண்ணாம்புச்சுவர்:

மேற்குப் பக்கம் போனால் ஃபலாசர்னாவை விடாதீர்கள். கடற்கரைக்கு இல்லை, பழைய துறைமுகத்துக்கு. கப்பல் கட்டிய துறை இப்போது கடலை விட்டு உள்ளே, காய்ந்த தரையில் நிற்கிறது. கடல் பின்வாங்கவில்லை, தரை எழும்பிவிட்டது. கி.பி. 365இல் வந்த நிலநடுக்கம் தீவின் மேற்கு முனையையே ஆறு மீட்டருக்கும் மேலே தூக்கிவிட்டது. யாரும் கான்கிரீட் போடாத இடம்.

---

ஓடக்காரன்:

ஐயா விடவே மாட்டீர்கள்!

ஒரு பின்கதை. அந்தக் கொட்டகையில் இருந்த பாட்டியின் பேத்தி என் எண்ணை வாங்கியிருந்தாள். போன வாரம் செய்தி அனுப்பினாள், பாட்டிக்குத் தட்டை செய்முறை வேண்டுமாம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘அரிசி மாவு ரெண்டு ஆழாக்கு’ என்றதை கிராமாக மாற்றுவதற்குள் எங்களுக்குள் ஒரு சண்டை. உளுந்து மாவு எங்கேயோ கிடைத்துவிட்டதாம், கடலைப்பருப்பும் கிடைத்ததாம். வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டாள். அம்மா கொஞ்சம் யோசித்து, ‘அவங்க ஊரு, அவங்க எண்ணெய், ஊத்தட்டும்’ என்றார்.

கறிவேப்பிலைக்குத்தான் வழி இல்லை. கிரீஸில் யாராவது இருந்தால் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

---

வெண்பொங்கல்:

என் அண்ணன் ஏதென்ஸில் இரண்டு வருஷம் இருந்தான். ஓமோனியா சதுக்கத்துப் பின்தெருக்களில் வங்கதேசக் கடைகள் இருக்கின்றன, அங்கே வாங்கியதாகச் சொல்வான். கப்பலில் யாராவது போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினால் மறுநாள் காலை ஹெராக்ளியோன்.

---

ஓடக்காரன்:

பேத்திக்குச் சொல்லிவிட்டேன். செய்த தட்டையின் படம் வந்தால் இங்கேயே போடுகிறேன்.